செத்தவனுக்கு முதல் பந்தி

ரபிட் வெல்ஸ், கலிபோர்னியா
செப்டம்பர் 1938

அன்புள்ள ஓபல் அக்காவுக்கும் நெப்ராஸ்கா அத்தானுக்கும் தம்பி வில்பர் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் கோவேறு கழுதைகளும் நலம். உங்கள் சோளமும் அத்தானின் இடுப்பும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

அக்கா, எனக்குக் கல்யாணம். சிரிக்காதே. பெண் பெயர் மேபல். புருஷனை இழந்தவள், இங்கே முகாமிட்டிருக்கும் சினிமாக் கம்பெனிக்குச் சமைப்பவள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. காலையில் கொள்ளைக்காரர்களைச் சுமந்து ஓடும் குதிரைகளே மத்தியானம் அவர்களைத் துரத்தும். மேலே இருப்பதும் அதே ஆட்கள்தான், தொப்பி மட்டும் வேறு. கதையும் எப்போதும் ஒன்றுதான். ரயில் வரப்போவதை மறைத்து, வங்கிக்காரன் ஒருவன் கொள்ளைக்காரர்களை ஏவி ஏழைப் பண்ணைகளைப் பிடுங்கப் பார்ப்பான், ஷெரிப் தடுப்பார். என் முகத்தில் நேர்மை வழிகிறதாம், டைரக்டர் ஸ்பிவி என்னை ஷெரிப் ஆக்கிவிட்டார். மேபல் பார்த்து மயங்குவாள் என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். போன பிறகுதான் இங்கத்திய வழக்கம் தெரிந்தது: சுடப்பட்டு விழுந்தவனுக்கு வேலை முடிந்தது, எழுந்து நேராகச் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போய்விடலாம். கொள்ளைக்காரனாக வரும் ஆர்லோ முதல் குண்டிலேயே விழுவான், சில நாள் குண்டுக்கு முன்னாலேயே. அப்புறம் மேபலுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஊர்வம்பு பேசுவான். நியாயத்தை நிலைநாட்டிவிட்டு நான் போய்ச் சேரும்போது வறுத்த கோழி காலி, ஆறிப்போன பீன்ஸ்தான் மிச்சம். "என்ன ஷெரிப்பு, ஊரைக் காப்பாத்தியாச்சா? இந்தா, பானையைச் சுரண்டிக்கோ" என்பான் ஆர்லோ. மேபல் சிரிப்பாள். எனக்கு வயிறு பற்றி எரியும்.

நேற்று பொறுக்க முடியவில்லை. முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டதுமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்து விழுந்தேன். "யோவ், நீ சாகக்கூடாதுய்யா! நீ போயிட்டா யாருய்யா ஜெயிக்கிறது?" என்று ஸ்பிவி குதித்தார். திரும்ப எடுக்கப் பிலிம் கிடையாது. என் சட்டையிலிருந்த ஷெரிப் நட்சத்திரத்தைக் கழற்றி ஆர்லோவுக்குக் குத்தி, கொள்ளைக்காரன் மனம் திருந்தி ஷெரிப் ஆகிறான் என்று கதையையே மாற்றிவிட்டார். பாவம் ஆர்லோ, சாயங்காலம்வரை அவனால் சாக முடியவில்லை! கூடாரத்தில் நானும் சூடான கோழியும் மேபலும்தான். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேவிட்டேன். "உங்களுக்கு வாய் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது. நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி இன்னொரு தொடைத் துண்டை வைத்தாள். இது சம்மதம் இல்லாமல் வேறென்ன? அக்டோபரில் நீங்கள் இருவரும் கட்டாயம் வந்து நடத்திவைக்க வேண்டும்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் களஞ்சியத்தை நிரப்பட்டும்.

பாசமுள்ள தம்பி,
வில்பர்

பி.கு.: அக்கா, டிக்கெட் எடுக்காதே. செத்துப்போன ஷெரிப்பின் அடக்கத்தை இன்று படம் பிடித்தார்கள், பெட்டிக்குள் பிணமாக நான். பூவுக்கு ஒரு நாள் வாடகைதான் கட்டுப்படியாகுமாம். அதனால் அடக்கத்தையும், ஷெரிப்பின் விதவை புது ஷெரிப் ஆர்லோவைக் கட்டிக்கொள்வதையும் ஒரே காட்சியாக்கிவிட்டார் ஸ்பிவி. விதவையாக நடிக்க முகாமில் வேறு பெண் ஏது, மேபல்தான். நடிகன் சம்பளம் கேட்பான் என்று ஊர்ப் பாதிரியார் டட்டிலையே கூட்டிவந்தார்கள். அவருக்கு நடிக்கத் தெரியாது. ஒரு வார்த்தை விடாமல் முழுக் கல்யாணத்தையும் நடத்திவிட்டார். "இதுக்குத் தடை சொல்றவங்க யாராவது உண்டா?" என்று அவர் கேட்டபோது மேபல் என் சவப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்து கத்திவிடலாம் என்று பார்த்தேன், அக்கா. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, பிலிமும் அதுதான் கடைசி. அசையாமல் கிடந்தேன். "விளையாட்டுக் கல்யாணம்னு ஒண்ணு எனக்குத் தெரியாது, கட்டினது கட்டினதுதான்" என்று டட்டில் சாதித்துவிட்டார். மேபல் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு தும்மல் தும்மியிருந்தாக்கூட நிறுத்தியிருப்பேனே."