நாற்பது செங்கல்

மலேசியாவில் ஒரே ஒரு கிள்ளான், அந்தக் கிள்ளானில் ஒரே ஒரு தாமான், அந்தத் தாமானில் ஒரே மாதிரி அறுபது வீடு. கடைசி வீட்டில் சுகுமாறன் என்று ஒருவன் வாழ்ந்து வந்தான். வாழ்ந்தது அவன், வீடு பேங்க்குடையது. முப்பது வருஷக் கடன். கடைசித் தவணை கட்டும்போது அவனுக்கு எழுபது வயதாகியிருக்கும். அன்றைக்குப் பத்திரத்தை வாங்கக் கை நடுங்கும், படிக்கக் கண் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகுமாறன் சபதம் எடுத்தான்.

பள்ளிக்கூடத்தில் படம் வரைவார்களே, அந்தப் பெரிய மாஜோங் தாள் ஒன்று வாங்கி வந்தான். அதில் ஒரு வீடு வரைந்தான். சுவரில் நாற்பது செங்கல். மாதத் தவணைக்கு மேலே ஐந்நூறு வெள்ளி கூடுதலாகக் கட்டினால் ஒரு செங்கலுக்குச் சிவப்பு பூசலாம். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

"உஷா, மனுசனுக்குக் கண்ணு முன்னால ஒரு குறி இருக்கணும். அப்பத்தான் ஊக்கம் வரும்."

அவன் மனைவி உஷாராணி பின்வாசலில், ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டியாக மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டு அவ்வளவு சின்னது. பொரிப்பதெல்லாம் வெளியே, ஓட்டைத் தகரத்துக்குக் கீழே. குடை, கடன் வாங்கிய அன்று பேங்க்கில் இலவசமாகக் கொடுத்தது.

"சமையல்கட்டப் பின்னால நீட்டித் தாங்கன்னு அஞ்சு வருசமா கேக்குறேன். அது எத்தனாவது செங்கல்?"

"கடன் முடியட்டும்லா."

"அப்ப எனக்கு அறுபத்தெட்டு."

"கூடுதலா கட்டினா சீக்கிரம் முடிஞ்சிரும். நீ அம்பதுகள்லயே இருப்ப!"

மழை வலுத்தது. எண்ணெய்ச் சட்டி சீறியது. உஷாராணி சீறவில்லை. மீனைத் திருப்பிப் போட்டாள்.

"சரிங்க. நானும் சேர்ந்துக்கிறேன்."

சுகுமாறனுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பேர் பெயரிலும் வாங்கிய கடன். இரண்டு பேரும் சேர்ந்து அடைப்பதுதானே அழகு?

முதல் மூன்று செங்கலை ராஜா கணக்காகப் பூசினான். நாலாவது மாதம் மனசு தூண்டில் கடைப் பக்கம் போய்விட்டது.

"இந்த மாசம் மட்டும் விட்டுருவோமா, உஷா? பழைய தூண்டில் முறிஞ்சிருச்சு."

"பாசார்ல மீன் முறியாமத்தான் கெடைக்குது. செங்கல்."

"ஒரே ஒரு மாசம்..."

"செங்கல்."

பூசினான். பக்கத்து வீட்டு லோகன் சாயங்காலம் வாசலில் வந்து, "சுகு, தே தாரேக் குடிக்க வர்றியா?" என்பான். உள்ளேயிருந்து பதில் வரும், உஷாராணி குரலில்.

"வரமாட்டாருண்ணே! அவருக்குச் செங்கல் இருக்கு!"

"எப்பப் பாத்தாலும் செங்கல், செங்கல். எங்கடா வேலை நடக்குது?"

"ஃபிரிட்ஜில," என்றான் சுகுமாறன், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

இப்படியே மூன்று வருஷம், அதற்கு மேல் நாலு மாதம். சபதம் எடுத்தவன் மெலிந்தான், சேர்ந்துகொண்டவள் சளைக்கவில்லை. நாற்பதாவது செங்கலை இருவரும் சேர்ந்து பூசினார்கள். அன்றைக்கே உஷாராணி ஒரு ஃபார்ம் கொண்டுவந்தாள்.

"பேங்க் தாள். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம். படிச்சுப் பாருங்க."

"பேங்க்குக்குக் கட்டுறதுன்னா நான் கண்ண மூடிக்கிட்டே போடுவேன்!"

உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு போட்டான். அவ்வளவு வீரம்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து வந்தால் வாசலில் ஒரு லோரி. லோரி நிறையச் செங்கல். நிஜச் செங்கல். பின்வாசலில் கன்னையா என்ற காண்ட்ராக்டர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"இது யாரு காசு?"

"நம்ம காசுதாங்க. கூடுதலா கட்டினத எப்ப வேணும்னாலும் திருப்பி எடுத்துக்கலாம். நம்ம கடன் அந்த மாதிரிக் கடன். கடன் வாங்கின அன்னிக்கே பேங்க் ஆபீசர் தெளிவா சொன்னாங்க."

"எனக்குச் சொல்லலியே!"

"உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னாங்க. நீங்க குடைய விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க." குடையை அவன் கையில் கொடுத்தாள். "இனிமே எனக்கு இது வேணாம்."

"அப்ப என் கடன்?"

"பழையபடி எழுபதுல முடியும். இல்ல, ஊக்கம் இருந்தா முன்னாலயே முடியும். புதுத் தாள் ஒட்டியிருக்கேன், பாருங்க." பையைத் தோளில் மாட்டினாள். "கன்னையாண்ணே, டைல்ஸ் பாக்கப் போலாமா?"

இருவரும் போனார்கள். சுகுமாறன் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று எண்ணினான். எண்பது செங்கல். அவன் வரைந்த வீட்டுக்கு மாடி கிடையாது. இதற்கு இருந்தது.

வாசலில் லோகன் குரல்.

"சுகு, தே தாரேக்?"

"வரலடா. மாடி இருக்கு."

லோகன் அண்ணாந்து பார்த்தான். கூரைக்கு மேலே காக்காய் ஒன்றுதான் இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு தனியாக நடந்து போனான்.