கடலுக்கடியில் நான்கு தட்டல்

இல்லை காக்கா, மீன் பேசவில்லை.

சலாம் சொல்ல மறந்துவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சியும் பிள்ளைகளும் தோஹாவில் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே ஏர்வாடியில் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. வாட்ஸப்பை விட்டுவிட்டு மெயிலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடலுக்கடியில் ஒரு சிக்னல் கிடைத்திருக்கிறது என்று வீட்டில் அண்ணனான உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். நீங்கள் குடும்பக் குழுவில், "நம்ம ஜஸீலா மீன் பாஷையைக் கண்டுபிடிச்சிருச்சு, மாஷா அல்லாஹ்" என்று போட்டீர்கள்.

அன்றிலிருந்து உம்மா சோற்றுக்கு மீன் ஆணம் காய்ச்சுவதில்லை. "பேசுற உசிரை எப்புடிம்மா அரியிறது?" என்கிறது. "எங்கிட்ட அது ஒண்ணும் பேசல, நீ காய்ச்சு" என்கிறார் வாப்பா. தினமும் பருப்பு.

நடந்தது இதுதான். மீன்களின் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கும் சர்க்யூட், அதுதானே என் ஆய்வு. மைக்கைக் கடலுக்குள் இறக்கி, அலையை, எஞ்சினை, இறால்களின் சடசடப்பை ஃபில்டரில் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சியது ஒரு தட்டல். நான்கு தட்டல், சிறு மௌனம், மறுபடி நான்கு. நம்பவில்லை, சால்டரிங் விட்டிருக்குமோ என்று பார்த்தேன், பேட்டரியை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து வேறு போர்டில் கட்டினேன், கேபிளைச் சந்தேகப்பட்டேன், பிறகு என் காதையே சந்தேகப்பட்டு ராமநாதபுரம் போய் டாக்டரிடம் காட்டினேன், காது நன்றாக இருக்கிறது என்றார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது, அதற்குள் கைடு வீரபத்திரன் சார் சிக்னலைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார், வியாழக்கிழமை ஆய்வுக் குழுவின் முன்னால் வைக்கச் சொல்லிவிட்டார். இந்த வருடத்துக்குக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை காக்கா.

நேற்று பாம்பன் கடலில், வல்லத்தில் மிதந்துகொண்டிருந்தேன். வழக்கமாக ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பேன். நேற்று தும்மல் வந்தது. கண்ணைத் திறந்தேன். பின்பக்கம், வல்லக்காரர் தர்மராஜ் அண்ணன் ஒரு கட்டையால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீக?"

"தட்டுறேன் தாயி. வலையை விட்டுட்டு இப்புடித் தட்டுனாத்தான மீனு மெரண்டு வலைக்கு ஓடும்? ஒங்க மைக்குக்கும் அப்புடித்தானன்னு..."

"எத்தன நாளா?"

"மொத நாளு ஒண்ணும் கேக்கலன்னு மொகம் வாடி ஒக்காந்திருந்தீகள்ல, அதுக்கு மறுநாள்ல இருந்து. இப்ப நல்லாக் கேக்குதா? இன்னும் பலமாத் தட்டவா?"

திட்ட வரவில்லை. அழவும் வரவில்லை.

நாளை சாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீங்கள் குழுவில் போட்டதை நீக்கிவிடுங்கள். உம்மாவிடம் சொல்லியாயிற்று. கேட்டதும் வாப்பா பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்க ஓடினார். இந்த வீட்டில் என் தோல்வியால் ஒருவருக்காவது பசி தீரும்.

மச்சிக்கு சலாம். சின்னவனுக்கு முத்தம். அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத் தரட்டும். எனக்கு அவன் இந்த வியாழக்கிழமையைச் சுருக்கமாக முடித்துத் தந்தால் போதும்.

உங்கள் தங்கை,
ஜஸீலா

பி.கு.: அனுப்பும் முன் ஒன்று செய்து பார்த்தேன். அண்ணனின் தட்டலையும் ஃபில்டரில் கழித்தேன். ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சுகிறது. ஒவ்வொரு நான்கு தட்டலுக்குப் பிறகும், அந்தச் சிறு மௌனத்தில், மிக மெலிதாக ஓர் உறுமல். எதிரொலி என்றால் எப்போதும் ஒரே இடைவெளியில் வர வேண்டும். இது முன்னே பின்னே வருகிறது. யோசித்துவிட்டு வருவது போல.

குழுவில் போட்டதை நீக்கிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இல்லை, நீக்குங்கள். தெரியவில்லை.

தர்மராஜ் அண்ணனுக்குப் போன் செய்து, நாளைக்கும் கட்டையை எடுத்து வரச் சொன்னேன். மீன் ஆணம் ஆகிவிட்டதென்று உம்மா கூப்பிட்டது. நேற்றைய பருப்பைச் சூடாக்கி ஊற்றிச் சாப்பிட்டேன்.