படலத்தின் மேல் பொறிக்கப்பட்ட எண்

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் சொன்னால் வம்பு. அங்கே அரசுப் பணத்தில் உண்டாகும் சகல பொருள்களின் மேலும் இருப்பு எண் அழியாவண்ணம் பொறிக்கப்படல் வேண்டும் என்பது விதி. நாற்காலிக்கு உண்டு, குப்பைக்கூடைக்கும் உண்டு. நல்ல விதிதான்.

அதிராம்பட்டினத்து ஹுமைரா அங்கே இயற்பியல் ஆய்வு மாணவி. எட்டு மாதம் பாடுபட்டு, விரல்நகம் அளவு கண்ணாடித் துண்டின் மேல் கோபால்ட் உலோகத்தைப் படலமாகப் படியவைத்திருந்தாள். தலைமுடியை நாலாயிரமாகப் பிளந்தால் வரும் கனம். அதைக் காந்தப்புலத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றி, எந்தத் திசையில் சுலபமாகக் காந்தமாகிறது, எந்தத் திசையில் முரண்டு பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் அளந்து எழுதிக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷப் படிப்பு வீண்.

அளக்கவிருந்த அன்று காலை ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளர் வைரக்கண்ணு தணிக்கைக்கு எழுந்தருளினார். படலத்தின் ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

"கனமே காட்டலையேம்மா. பொருள் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். பளபளன்னு தெரியுதே."

"பளபளப்பெல்லாம் பதிவேட்டுல ஏறாதும்மா. நம்பர் போடணும்."

"கண்ணாடிக்கு அடியில போட்டுடுங்க சார்."

"அது கண்ணாடியோட நம்பர். படலத்துக்குப் படலத்து மேலதான்."

அவள் கெஞ்சக் கெஞ்ச, ஊசியை எடுத்து 11111 என்று மேலிருந்து கீழாக ஐந்து கோடு இழுத்தார். திருப்தியில்லாமல் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை இழுத்தார்.

"பாருங்க, சுரண்டினா வருது. அப்ப பொருள் இருந்திருக்கு!"

'நேரில் பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். ஹுமைரா அழுதாள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வழிகாட்டிப் பேராசிரியர் நாகநாதன், "அழாதம்மா, இருக்கிறதை அள" என்றார். அளந்தாள். கோடுகளின் நீளவாக்கில் படலம் சுலபமாகக் காந்தமானது. குறுக்கே அசைய மறுத்தது. நாகநாதன் துள்ளிக் குதித்தார்.

"சார், அது ஊசி இழுத்த கோடு."

"இனிமே அதுக்குப் பேரு நுண்வரி அமைப்பு. எழுதும்மா."

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து பெரிய நிபுணர் வந்தார். "இந்த வரிகளை எந்த முறையில போட்டீங்க?" என்றார். நாகநாதன் முகம் வெளுத்தது. ஹுமைராவுக்குப் பொய் வரவில்லை.

"ஸ்டோர்ஸ்ல சுரண்டினாங்க சார்."

நிபுணர் சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டார்.

"கொடுத்து வச்சவங்க. எங்க ஸ்டோர்ஸ் ஆளு இன்னும் பெயிண்ட்லதான் எழுதுறார்."

தேர்வுக் குழுவில் நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் படித்தவர்கள். ஐவரும் ஒருமனதாகப் பட்டம் வழங்கப் பரிந்துரைத்தோம்.

"சார், சுரண்டாம இருந்தா அந்தப் படலம் எந்தத் திசையைக் காட்டியிருக்கும்..." என்று ஹுமைரா ஆரம்பித்தாள்.

"டாக்டர் ஹுமைரா, வாழ்த்துகள்!" என்று கைதட்டி அவள் வாயை அடைத்தது நான்தான்.