பேச்சியம்மா மாடும் என் குள்ள வண்டியும்

உயரம் குறைந்தவன் உயரமான மோட்டார் சைக்கிளில் ஏறிவிடலாம், ஓட்டியும் விடலாம். நிறுத்துவதுதான் நடக்காது. இதை எழுமலை வட்டாரம் முழுக்க ஒரு வருஷம் நிரூபித்துக் காட்டியவன் நான்.

நான் சொல்வது எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் நடந்தது. (எண்பத்து மூன்று என்று என் மனைவி அடித்துச் சொல்வாள். எங்களுக்குக் கல்யாணமே எண்பத்து மூன்று ஆவணியில்தான். பார்க்காத சம்பவத்துக்கு அவள் தேதி சொல்வதை நான் ஏற்பதற்கில்லை.) கால்நடை மருந்தகத்தில் நான் உதவியாளன், ஊர்க்காரர்களுக்கு டாக்டர். பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது வேலை. காடுமேடெல்லாம் ஏறும் என்று சொல்லி, ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு வண்டியை மாமா என் தலையில் கட்டினார். அதன் இருக்கை என் இடுப்புக்கு மேலே இருந்தது. என் உயரம் ஐந்தடிக்கு ஒன்றரை அங்குலம் குறைவு.

எந்த ஊருக்குப் போனாலும் களத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். யாராவது ஓடிவந்து வண்டியைப் பிடித்தால் இறங்குவேன். பேச்சியம்மா வீட்டில் இது இரண்டு முறை பொய்த்தது. தனியாகப் பிழைக்கும் பெண், ஒரே பசு. மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் அன்றே ஊசி போட வேண்டும். தவறினால் மூன்று வாரம் போய்விடும். முதல் முறை எல்லோரும் வயலுக்குப் போயிருந்ததால், பெட்ரோல் தீரும்வரை சுற்றிக் குப்பைமேட்டில் விழுந்தேன். அடுத்த முறை ஊருக்கே போய்ச் சேரவில்லை. வழியில் ஓடைக்குள் கிடந்தேன்.

“அடுத்த தடவையும் தப்புச்சுன்னா சந்தைக்குத்தேன் ஓட்டணும் டாக்டரே,” என்றார், மறுநாள் மருந்தகத்துக்கே வந்த பேச்சியம்மா. “சும்மா நிக்கிற மாட்டுக்கு அம்புட்டுத் தீவனத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன்?”

அன்று மாலையே தல்லாகுளத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்படைத்தேன். சட்டைக்கு அளவெடுப்பதுபோல் என் காலை டேப்பால் அளந்தார். பின்பக்க ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினார், முன்பக்கத்தைத் தாழ்த்தினார், இருக்கையின் பஞ்சை வழித்தெடுத்தார். “உக்காந்து பாருங்கண்ணே, ஊனுதா?” என்றார். ஊன்றியது, இரண்டு குதிகாலும். திரும்பி வரும்போது ஒரு டீக்கடை விடாமல் நிறுத்தினேன். டீ குடிக்க அல்ல, காலை ஊன்ற.

மூன்றாம் முறை பேச்சியம்மா களத்தில் நான் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு பேர் பிடிக்க ஓடிவந்தார்கள். கையைக் காட்டித் தடுத்தேன். நானே நிறுத்தினேன், நானே சைடு ஸ்டாண்டைத் தட்டினேன். வண்டி நெட்டுக்குத்தாக, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாயைப்போல் நின்றது. எல்லோரும் அசந்து பார்த்தார்கள். எனக்கும் பெருமை. சினை ஊசி மருந்து இருந்த ஐஸ் பிளாஸ்க் பையை ஹேண்டில்பாரிலேயே விட்டுவிட்டு, கை கழுவத் தொட்டிக்குப் போனேன்.

வண்டி நாலு அங்குலம் இறங்கியிருந்தது. ஸ்டாண்டு மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. நாங்கள் இருவரும் என் காலை அளந்தோமே தவிர வண்டியின் காலை அளக்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நெட்டுக்குத்தாக நின்று, ஒரு காற்றுக்கு வலப்பக்கம் சரிந்தது. பிளாஸ்க் அடியில். உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் தொட்டிவரை கேட்டது.

ஓடிவந்த இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். “நீங்கதான புடிக்க வேணாம்னீக,” என்றார் ஒருவர்.

பேச்சியம்மா என்னைத் திட்டவில்லை. மாட்டை அவிழ்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் நாட்டுக்காளை ஒன்று நின்றது. அதைக் காட்டி, “அது காலத் தரையில ஊனி நிக்கிது. யாரும் புடிக்க வேண்டியதில்ல,” என்று சொல்லிவிட்டு ஓட்டிப்போனார்.

மாடு சந்தைக்குப் போகவில்லை. மறுவருஷம் ஆடியில் கன்று போட்டது. சற்றுக் குட்டைக்கால் கன்று. அதற்கு ‘டாக்டரு’ என்று பெயர் வைத்தார்கள்.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணமான கையோடு, நான் வேலை செய்யும் ஊர்களைக் காட்ட மனைவியை அழைத்துப் போனேன். பேச்சியம்மா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஊரே என்னை மதிக்கிற விதத்தை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கொல்லையிலிருந்து ஓர் அதட்டல் வந்தது: “ஏ டாக்டரு, எந்திரி. சாணி மேலயா படுக்குறது?”

நான் எழுந்து நின்றேன்.

இன்றும் நான் ஏழு மணிக்கு மேல் தூங்கினால் எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் எழுப்புகிறார்கள். போன மாதத்திலிருந்து மருமகளும்.