தொண்ணூறு ரூபாய்த் தோஷ வர்ணம்

மந்தைவெளியில் வர்ணானந்த சுவாமி கொட்டகை போட்ட மூன்றாம் வாரமே வரிசையின் வால் அடையாற்றில் நனைந்தது. அந்த 1934இல் மயிலாப்பூரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஏழு பேர். வரிசையில் நின்றவர்கள் எழுநூறு. மிச்சப் பேர் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்!

சுவாமியின் சித்தாந்தம் சுருக்கமானது. வண்டிக்கும் ஜாதகம் உண்டு. என்ஜின் முதன்முதலில் ‘டுப்’ என்ற கணமே அதன் ஜனன லக்கினம். லக்கினத்துக்கு ஒவ்வாத நிறம் அடித்தால் ஓட்டுகிறவன் கவிழ்வான். மந்திர வர்ணம் பூசத் தொண்ணூறு ரூபாய். சீமையில் பிறந்த வண்டிக்கு மந்தைவெளியில் யார் ஜாதகம் கணித்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கல்யாணராமன் போன வாரம்தான் லஸ் முனையில் கவிழ்ந்திருந்தார். ஊரெல்லாம் எமனைக் காட்டிப் பாலிசி விற்கிறவர், அன்றைக்கு எமனின் மீசையையே தொட்டுவிட்டுத் திரும்பினார். ஆகவே தம் பச்சை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே மனைவி விஜயலக்ஷ்மி, கையில் மிஞ்சியிருந்த ஒரே ஜோடி வளையலோடு. தோஷம் தெரிந்தால் வளையல் நேரே அடகுக்கடைக்கு.

சுவாமி பெட்ரோல் டாங்கின்மேல் ஈர மஞ்சள் துணியைப் போர்த்தினார். கமண்டலத்து இமயமலைத் தீர்த்தத்தைத் தெளித்தார். துணி குபீரென்று சிவந்தது!

“ரத்த தோஷம்! அடுத்த அமாவாசை தாங்காது!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தத்தில் கபாலி கோயில் குளத்து மீன்கள் மேலே வந்து எட்டிப் பார்த்தன.

“விஜி, கழட்டு” என்றார் கல்யாணராமன்.

அவள் துணியை மோந்து பார்த்தாள். “ஏன்னா, நம்மாத்துல ஆரத்தி கரைக்கறது யாரு?”

“நீதான். அதுக்கென்ன இப்போ?”

“மஞ்சள்ல சுண்ணாம்பு விட்டா என்ன நிறம் வரும்?”

“சிவப்பு… சும்மா இரேண்டி. அது ஆரத்தி, இது தோஷம்!”

கொட்டகை வாசலில், தோஷம் கழிந்த ஊதா வண்டி ஒன்று மாலையும் கழுத்துமாக நின்றது. விஜயலக்ஷ்மி அதைக் காட்டினாள். “சுவாமி, இன்னொரு துணியை அதுமேல போட்டுத் தெளியுங்கோ. சிவக்கலேன்னா வளையல் ரெண்டும் உங்களுக்கே.”

“அபசாரம்! தெய்வத்தைச் சோதிக்கப்படாது!”

பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து லாசர் எழுந்தார். வண்டிகளுக்கு நிஜமாகவே வர்ணம் அடிப்பவர் அவர்தான். “நான் தெளிக்கிறேன்மா, இன்னா இப்போ!” துணியைப் போட்டார், கமண்டலத்தைக் கவிழ்த்தார். ஊதா வண்டியும் ரத்தம் கக்கியது. சக்கரத்தடியில் நசுங்கக் காத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து விஜயலக்ஷ்மி பிழிந்தாள். சிவப்பு திரும்பவும் மஞ்சளானது. தோஷ நிவர்த்திச் செலவு, காலணா.

சுவாமி நிஷ்டையில் ஆழ்ந்தார். கால்கள் மட்டும் பின்பக்கத் தட்டியைத் தேடின.

“ஏம்ப்பா, இதை முன்னாடியே சொல்லப்படாதா?” என்று கல்யாணராமன் லாசர்மீது பாய்ந்தார்.

“எவன் கேட்டான் ஐயரே? அல்லாரும் சாமியத்தானே கேட்டுக்கினு இருந்தீங்க! பழைய பெயிண்டச் சொரண்டி, தேச்சு, மூணு கோட்டு அடிச்சு, ஒவ்வொண்ணா காயவெச்சு, தங்கக் கோடு இழுக்க பத்து நாளு ஆவும். இருவத்திரண்டு ரூபா. மிச்சம் அறுவத்தெட்டும் மந்திரம். நீ வியுந்தது பச்சைக் கலரால இல்ல, உன் பிரேக்கு தேஞ்சு பூட்ச்சு. மொதல்ல அத்த மாத்து.”

கல்யாணராமன் முகத்தைச் சுளித்தார். “வெறும் பெயிண்டுக்கு இருபத்திரண்டா? அநியாயம்! பன்னெண்டுக்கு முடியேன்!”

“நன்னாருக்கு!” விஜயலக்ஷ்மி வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “பொய்க்குத் தொண்ணூறு, வாயே தொறக்கலே. பத்து நாள் உழைக்கறவர்கிட்ட மட்டும் பேரமா?”

கல்யாணராமன் வண்டியை லாசர் கையில் ஒப்படைத்தார். லாசர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இரும்புக்குத்தான் ஐயா மூன்று பூச்சு வேண்டும். மூளைக்கு ஒன்றும் பூச வேண்டாம்; தினம் ஒரு தடவை உதைத்து ஸ்டார்ட் செய்தால் போதும்.