மாமியார் நாக்கும் கட்டாக் கருவாடும்

இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் கருவாடு பொரித்தே தீருவது என்று பென்ஜமின் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த இடம் குளியலறை. அதையும் கதவைப் பூட்டிக்கொண்டுதான் எடுத்தார். வெளியே மனைவி ஜசிந்தா இருந்தாள்.

ஜேர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் உலகக்கிண்ணப் பந்தாட்டம் நடந்த வருடம் அது. கிண்ணம் கைநழுவிய கவலையில் இருந்து ஊர் இன்னும் முழுதாய் மீளவில்லை. பென்ஜமினின் கவலையோ வேறு. மன்னாரிலிருந்து வந்த கட்டாக் கருவாடு ஒரு பொதி பிறிட்ஜின் அடித்தட்டில் கிடந்தது. ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் முடியுமட்டும் அதில் கைவைக்கக் கூடாது என்பது ஜசிந்தா போட்ட சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் ஜக்கெற். குளிர் ஜக்கெற்றுகள் தொங்கும் இடம் குசினி வாசலுக்கு நேரெதிரே. குசினியில் எது பொரிந்தாலும் முதலில் ருசி பார்ப்பவை அவைதான். போன தைமாதம், ஜசிந்தா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு கிழவி அவளுடைய ஜக்கெற்றை மணந்துவிட்டுக் கண் கலங்கினாராம். "எனக்கு ஹம்பேர்க் துறைமுகம் ஞாபகம் வருகுது, பிள்ளை" என்றாராம். அன்று பின்னேரமே சட்டம் அமுலுக்கு வந்தது.

பென்ஜமினுக்கு விடிவு தொலைக்காட்சியில் வந்தது. வேலைத்தலத்து ஓய்வறையில் பாணைக் கடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் வளர்க்கும் சில செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்று ஒரு கண்ணாடிக்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். பென்ஜமின் கடித்த பாணை விழுங்க மறந்தார். வேலை முடிந்ததும் நேரே செடி விற்கும் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது காரின் பின் சீற்றில் இலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கதவைத் திறந்த ஜசிந்தா ஒரு அடி பின்வாங்கினாள்.

"என்னப்பா, காட்டை வெட்டிக்கொண்டு வாறியள்?"

"காடில்லை. காத்துச் சுத்தம் பண்ணுற கண்டுகள். இனி என்ன பொரிச்சாலும் வீட்டில மணம் நிக்காது."

"ஆர் சொன்னது?"

"அமெரிக்கன். சந்திரனுக்கு ஆள் அனுப்பினவங்கள் ஆராய்ஞ்சு பாத்தது. காத்தில இருக்கிற நஞ்சையெல்லாம் கண்டு உறிஞ்சிப்போடுமாம்."

"சந்திரனுக்குப் போனவங்கள் அங்க கருவாடு பொரிச்சவங்களோ?"

நியாயமான கேள்வி. பென்ஜமின் அவசரமாகக் குனிந்து, வாள்வாளாக நிமிர்ந்து நின்ற ஒரு செடியைத் தூக்கிச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கென்ன பேர்?"

"டொச்சில ஷ்வீகர்முட்டர்சுங்க எண்டுறாங்கள்."

ஜசிந்தாவுக்கு டொச் மொழி அவரைவிட நன்றாகத் தெரியும். கண்கள் சுருங்கின.

"மாமியார் நாக்கோ?"

"ஓம், சும்மா ஒரு பேர்..."

"என்ர அம்மா மன்னாரில தன்ர பாட்டில இருக்கிறா. அவவின்ர நாக்கைக் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்து சோபாவுக்குப் பக்கத்தில வைக்கிறியள், என்ன?"

"இது நஞ்சை உறிஞ்சிற நாக்கு, ஜசிந்தா. கக்கிற நாக்கில்லை."

தன் வாழ்க்கையிலேயே தான் சொன்ன மிகச் சிறந்த பகிடி இதுதான் என்று பென்ஜமினுக்குத் தோன்றியது. ஜசிந்தாவுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் செடிகளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"சரி. சனிக்கிழமை நான் பிறேமாக்கா வீட்டை போறன். நீங்கள் பொரியுங்கோ. வந்து மணந்து பாப்பன். மணம் இல்லாட்டி குளிர்காலம் முழுக்கப் பொரிச்சுத் தின்னுங்கோ, நான் வாயே திறக்கன். மணந்துதோ, கண்டு முழுக்கக் குப்பைக்கு. கருவாடு முழுக்கப் பிறேமாக்காவுக்கு."

பிறேமாக்கா தெருவின் மறுபக்கத்து மாடியில் இருப்பவர். கருவாட்டுப் பிரியை. இருந்தும் பென்ஜமின் ஆண்பிள்ளையாய்த் தலையாட்டினார்.

சனிக்கிழமை ஜசிந்தா படியிறங்கியதும் சட்டி அடுப்பில் ஏறியது. கருவாடு எண்ணெயில் விழுந்து சீறியது. பென்ஜமினுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புட்டோடு சேர்த்து, நின்றபடியே தின்றார். ஒவ்வொரு துண்டும் அமிர்தம். மன்னார்க் கடலே வயிற்றுக்குள் வந்து அலையடித்தது.

தின்று முடித்துக் கை கழுவிய பிறகுதான் மூக்கு வேலைக்குத் திரும்பியது. வீடு முழுக்க மணம். நடைபாதையில் மணம், படுக்கையறையில் மணம், திரைச்சீலை முழுக்க மணம். செடிகளிடம் ஓடினார். அவை சும்மா நின்றன. மாமியார் நாக்கு வாயே திறக்கவில்லை.

"உறிஞ்சன்! உறிஞ்சன்!" என்று கெஞ்சினார். ஒரு இலையும் அசையவில்லை.

அதற்கு மேல் சந்திரனுக்கு ஆள் அனுப்பியவர்களை நம்பி இருக்க முடியாது. ஜக்கெற்றுகளை அள்ளிக்கொண்டுபோய் நிலவறையில் பூட்டினார். திரைச்சீலைகளை இழுத்து ஒதுக்கி, ஜன்னல்களை எல்லாம் ஆவென்று திறந்தார். டிசம்பர்க் காற்று கதவு தட்டாமல் உள்ளே புகுந்தது. குளியலறையிலிருந்த பெரிய துவாயை நனைத்தெடுத்து அறை அறையாக நின்று விசுக்கினார். கை ஓய்ந்தால் மற்றக் கை. விநாகிரியைக் கொதிக்க வைத்தார். கோப்பித் தூளை வறுத்தார். மீசைக்குச் சவர்க்காரம் போட்டார். பல்லை இரண்டு தரம் தீட்டினார். கடைசியில் ஜக்கெற்றுகள் பழையபடி கொழுவியில் ஏறின, ஜன்னல்கள் மூடின, பென்ஜமின் சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஜசிந்தா வந்தாள். ஜக்கெற்றை மணந்தாள். திரைச்சீலையை மணந்தாள். தலையணையை மணந்தாள். அவருடைய மீசையையும் விட்டுவைக்கவில்லை.

"ஒண்டும் மணக்கேல்லை" என்றாள். "வீடுதான் சரியான குளிராக் கிடக்கு."

"காத்துச் சுத்தமானால் அப்பிடித்தான், கொஞ்சம் குளிரும்."

"உண்மையாத்தானோ? அப்ப நீங்கள் வெண்டிட்டியள்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த வசனத்தை அவள் வாயால் அவர் கேட்டதில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தாள். பென்ஜமின் காலுக்கு மேல் கால் போட்டுக் குடித்தார். ஏப்ரல் வரைக்கும் எந்தெந்தக் கிழமை என்ன கருவாடு என்று மனத்துக்குள் அட்டவணை ஓடியது. வென்றவனின் தேத்தண்ணிக்குச் சீனி கூட என்று பட்டது.

ஜசிந்தா ரெலிபோனை எடுத்தாள்.

"பாதர், ஸ்தோத்திரம். நத்தார் ஒளிவிழாவுக்கு ரோல்ஸ் பொரிக்க ஒருத்தரும் வீடு தரமாட்டினம் எண்டு கவலைப்பட்டியளெல்லே? எங்கட வீட்டில பொரிக்கலாம். ஓம், ஓம், மணமே இல்லை, கண்டு நிக்குது. முந்நூறோ? பொரிக்கலாம், பாதர். இவரே பொரிப்பார்."

தேத்தண்ணி புரைக்கேறியது.

"ஆர் பொரிக்கிறது?"

"நீங்கள்தான். கண்டு உங்கட கைக்குத்தானே வேலை செய்யுது. நான் பொரிச்சு, அது உறிஞ்சாட்டி, கோயில் முழுக்க எங்களைப் பகிடி பண்ணாதோ?"

"முந்நூறு ரோல்ஸோ, ஜசிந்தா!"

"ஏன், கண்டு தாங்காதோ?"

பென்ஜமின் செடிகளைப் பார்த்தார். தாங்காது என்றால் குட்டு வெளிப்படும், கட்டாக் கருவாடு தெருவைக் கடந்து பிறேமாக்காவிடம் போய்விடும். உண்ட கருவாட்டின் ருசி இன்னும் அடிநாக்கில் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ன கதை கதைக்கிறீர்? ஆயிரமும் தாங்கும்!"

"அப்ப சரி" என்று ஜசிந்தா குளியலறைக்குப் போனாள். திரும்பி வந்து, ஈரம் காயாத பெரிய துவாயை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"முந்நூறுக்கு இது ஒண்டு காணாதப்பா. நீங்கள் விசுக்கின விசுக்கை ஜன்னலால பாத்துப்போட்டுப் பிறேமாக்கா தன்ர துவாயையும் தாறன் எண்டவ."