பிக்சல் அண்ணன் தலைவரின் தலையை ஏற்றிய கதை

மலேசியாவின் கேமரன் மலையில் நேரானது என்று எதுவும் கிடையாது. சாலை வளையும், வீடு சரியும், மழைகூடச் சாய்ந்துதான் பெய்யும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு படம் நட்டநடுவில் நிற்கவில்லை என்றால் சோறு இறங்காத ஒரு மனிதர் இருக்கிறார். படைத்தவன் விலாசம் மாற்றி அனுப்பிவிட்டான் என்றே நினைக்கிறேன்.

அவர்தான் பிக்சல் அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். தானா ராத்தா டவுனில் ஒரு மாடிக் கடையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்க்கிறோம். நான் பேனர் அடிப்பேன். அவர் தோட்டங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இணையப் பக்கம் செய்வார். திரையில் தெரியும் படம் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளி ஒன்றுக்குத்தான் பிக்சல் என்று பெயர். நம் கண்ணுக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

கியா பார்ம் சந்தை வியாபாரி ஒருவர் தன் ஸ்ட்ராபெரி படத்தைப் பக்கத்தின் நடுவில் போடச் சொல்லியிருந்தார். நாலு நாள் பொறுத்துவிட்டு நேரில் வந்தார். "என்னா லா இது? செடியில இருந்த பழமே அழுகிப் போச்சு. நீ இன்னும் படத்த நகத்திக்கிட்டு இருக்கே!"

"காம்பு இடப்பக்கம் சாயுதுண்ணே," என்றார் பிக்சல். "காம்பச் சேத்து நடுவா, சேக்காம நடுவா? நீங்களே சொல்லுங்க."

வியாபாரி சொன்னதை அச்சில் போட முடியாது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி வந்து மாட்டிக்கொண்டது. திருவிழாவுக்கு இணையப் பக்கம் வேண்டும். மேலே அம்மன், கீழே செயலாளரும் தலைவரும் அருகருகே. பக்கம் வெளியான அன்றே தலைவர் போனும் கையுமாக மாடி ஏறி வந்தார்.

"பாரு தம்பி. அவன் மேல, நான் அவன் காலடியில!"

கணினியில் அருகருகே நின்ற படங்கள், போனின் ஒடுங்கிய திரையில் இடம் போதாமல் ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்திருந்தன. அண்ணன் ஆளுக்குப் பாதி அகலம் ஒதுக்கிச் சரிசெய்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பக்கத்தில் நின்றதும் செயலாளரின் தலை இரண்டு பிக்சல் உயர்ந்து தெரிந்தது. தலைவருக்கு வழுக்கை. செயலாளருக்குச் சுருட்டை முடி.

"முடிய விட்டுட்டுத்தான் அளக்கணும்," என்றார் தலைவர்.

"என் முடி என் தலையிலதானே லா இருக்கு?" என்றார் செயலாளர்.

தலைவர் கட்சி தேர் இழுக்க வராது என்றது. செயலாளர் கட்சி அன்னதானச் சமையலுக்கு வராது என்றது. ஒரு சுருட்டை முடியால் அம்மன் ஊர்வலமே நிற்கும் நிலை.

கோயில் கூட்டத்தில் பிக்சல் அண்ணன் எழுந்தார். "முடி வளரும், கொட்டும். கண்ணு எடம் மாறாது. ரெண்டு பேரு கண்ணையும் ஒரே கோட்டுல வச்சிடுறேன், போதுமா?"

இரு கட்சியும் மறுக்க வழியில்லாமல் தலையாட்டின. அண்ணன் அதோடு விட்டாரா? எல்லார் போனிலும் கோடு சரியாக வருகிறதா என்று தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொருவர் போனையும் வாங்கி, பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்தார். நான் குடை பிடித்தேன்.

கடைசி வீட்டில் கொழுந்து பறிக்கும் அஞ்சலை அக்கா இருந்தார். மலைச்சரிவில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. திருவிழாவை அவர் போனில்தான் பார்க்க முடியும். விழுந்ததில் போனும் அடிபட்டு, கண்ணாடியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அம்மன் முகம் சரிபாதியாகப் பிளந்து தெரிந்தது.

"அம்மாவ இப்படிப் பாக்க மனசு கேக்கல தம்பி. அதான் தொறக்கிறதே இல்ல."

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். அக்காவுக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்தார். அம்மனைச் சிறிதாக்கி, விரிசலைத் தாண்டி வலப்பக்க ஓரத்துக்குத் தள்ளினார். நடுவில் இல்லாத படம்! அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவை.

அக்கா போனை வாங்கி, வெகுநேரம் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்பத்தான் அம்மா முழுசா இருக்கா தம்பி."

திருவிழாவன்று இரு கட்சியும் சேர்ந்து வடம் பிடித்தன. தேர் வளைந்து நெளிந்து மலையிறங்கியது.

அன்றிலிருந்து, சாப்பிட உட்காரும்போது அவர் என் தட்டை ஒரு நூல் அளவு நகர்த்தி வைத்தால், நான் முன்போல் சண்டை போடுவதில்லை. அவர் வைத்த இடத்திலேயே சாப்பிடுகிறேன்.